பியாங்யாங்கில் சுவீடன் தூதரகம்: அமெரிக்கர் சிக்கினால் கதவைத் தட்டுவது யார்?

வட கொரியாவில் அமெரிக்காவுக்குத் தூதரகம் இல்லை. என்றுமே இருந்ததில்லை. 1953இல் போர் நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. சமாதான உடன்படிக்கை இன்றுவரை ஆகவில்லை. ஆனாலும் அமெரிக்கர்கள் அங்கே போவதும் மாட்டிக்கொள்வதும் நிற்கவில்லை. சுற்றுலா போனவர்கள், ரகசியமாக மதப் பிரச்சாரம் செய்யப் போனவர்கள், எல்லை ஆற்றங்கரையில் படம் பிடித்துக்கொண்டிருந்த செய்தியாளர்கள் என்று பட்டியல் நீளம். 2023 ஜூலையில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் இரு கொரியாக்களின் எல்லையில் இருக்கும் பன்முன்ஜோமுக்குச் சுற்றுலாக் கூட்டத்தோடு வந்து, திடீரென்று கோட்டைத் தாண்டி வடக்கே ஓடிவிட்டார். இப்படி யாராவது உள்ளே போய்ச் சிக்கினால், 'எங்கள் ஆள் உயிரோடு இருக்கிறாரா, பார்க்க விடுவீர்களா' என்று பியாங்யாங்கில் போய்க் கேட்பது சுவீடன்.

மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்றே தாண்டிய ஒரு வட ஐரோப்பிய நாடு, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக உலகின் மிக இறுக்கமான தலைநகரத்தில் தூதரகம் வைத்திருக்கிறது. தன் குடிமக்கள் அங்கே அதிகம் இருப்பதால் அல்ல. வியாபாரம் கொழிப்பதாலும் அல்ல. வியாபாரம் செய்யப் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட கதை தனியாக இருக்கிறது.

கொரியாவோடு சுவீடனின் தொடர்பு போர்க்காலத்தில் தொடங்குகிறது. 1950இல் ஐ.நா. கொடியின் கீழ்ப் பல நாடுகள் தென் கொரியாவுக்குப் படை அனுப்பியபோது, சுவீடன் செஞ்சிலுவை மருத்துவமனை ஒன்றை மட்டும் அனுப்பியது. புசானில் இயங்கிய அது போர் முடிந்தும் 1957வரை அங்கேயே இருந்தது. இந்தியாவும் அதே வழியில்தான் போனது. நாம் அனுப்பியது 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. சண்டை நின்றதும் இரண்டு நாடுகளுக்கும் நடுவர் வேலை வந்து சேர்ந்தது. போர்க்கைதிகளைத் திருப்பி அனுப்பும் பிரச்சினையைத் தீர்க்க அமைந்த ஐந்து நாட்டு ஆணையத்துக்கு இந்தியாவின் ஜெனரல் திம்மையா தலைவர். சுவீடன் அதில் உறுப்பினர். அந்த ஆணையம் தன் வேலையை முடித்துக்கொண்டு 1954இல் கலைந்துவிட்டது. ஆனால் போர் நிறுத்தத்தைக் கண்காணிக்க அமைந்த இன்னொரு ஆணையம் கலையவே இல்லை. அதில் தெற்குத் தரப்பு முன்மொழிந்த நாடுகள் சுவீடனும் சுவிட்சர்லாந்தும். வடக்குத் தரப்பு முன்மொழிந்தவை போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும்.

பனிப்போர் முடிந்ததும் போலந்தும் செக்கும் வட கொரியாவின் கண்ணில் நண்பர்களாக இல்லாமல் போயின. 1993இல் செக் குழுவை வெளியேற்றினார்கள், 1995இல் போலந்துக் குழுவை. அதோடு இந்த ஆணையமே செத்துவிட்டது என்பது வடக்கின் நிலை. சுவீடன், சுவிஸ் அதிகாரிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பன்முன்ஜோமின் நீலநிறக் கூடத்தில் கூடி அறிக்கை எழுதி, ஒரு பிரதியை வட கொரிய ராணுவத்துக்கென்று வைத்திருக்கும் தபால் பெட்டியில் போட்டுவிடுவார்கள். எடுத்துப்போக யாரும் வருவதில்லை. பெட்டி நிரம்பிக் கிடப்பதை அங்கே போன செய்தியாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆள் வருகிறாரோ இல்லையோ, வழக்கத்தை விடாமல் செய்துகொண்டே இருப்பது என்ற இந்தப் பிடிவாதம் பியாங்யாங் தூதரகத்தின் கதையிலும் தொடர்கிறது.

தூதரகம் வந்தது 1970களின் காற்றில். 1972இல் இரண்டு கொரியாக்களும் கூட்டறிக்கை வெளியிட்டன. 1973இல் வட கொரியா உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்தது. மேற்கு நாடுகளின் அங்கீகாரமும் இயந்திரங்களும் அதற்குத் தேவைப்பட்டன. சுவீடனில் அப்போது பிரதமர் ஓலோஃப் பால்மேயின் ஆட்சி. மூன்றாம் உலகத்தின்மேல் பரிவு காட்டிய அரசு. சுவீடன் கம்பெனிகளோ வட கொரியச் சுரங்கங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டன. வெள்ளியும் துத்தநாகமும் வெட்டியெடுத்து விற்பார்கள், அந்தக் காசில் நம்மிடம் இயந்திரம் வாங்குவார்கள் என்று நம்பினார்கள். 1973 ஏப்ரலில் தூதரக உறவு ஏற்பட்டது. சில மாதங்களுக்குள் ஃபின்லாந்து, நார்வே, டென்மார்க் எல்லாம் பின்னாலேயே வந்தன. ஆனால் 1975இல் பியாங்யாங்கில் கட்டடம் பிடித்து, ஆள் போட்டு, பலகை மாட்டியது சுவீடன்தான். அந்த நகரில் திறக்கப்பட்ட முதல் மேற்கத்தியத் தூதரகம் அது. எரிக் கோர்னெல் என்ற அதிகாரி பொறுப்புத் தூதராகப் போய் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்வதற்கு முன்பே கார்கள் போய் இறங்கிவிட்டன. வால்வோ என்றால் நமக்கு ராத்திரி ஏசி பஸ்தான் நினைவுக்கு வரும். வட கொரியாவுக்குப் போனது 144 என்ற பெட்டி போன்ற உடம்புள்ள கார், 1974இல் மொத்தம் 1,000. அட்லஸ் கோப்கோ, அசெயா (ASEA) போன்ற சுவீடன் கம்பெனிகளின் சுரங்க, தொழிற்சாலைச் சாமான்களும் போயின. அதே சமயத்தில் எண்ணெய் விலை ஏறியது, உலோகங்களின் விலை சரிந்தது. வட கொரியா பணம் கட்டுவதை நிறுத்தியது. ஏற்றுமதிக்கு உத்தரவாதம் தந்திருந்த சுவீடன் அரசு நிறுவனம் கம்பெனிகளுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, கடனைத் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டது. இன்று வட்டியோடு அந்தத் தொகை 200 கோடி குரோனரைத் தாண்டி நிற்கிறது. ஆண்டுக்கு இரண்டு தடவை நினைவூட்டுக் கடிதம் போகிறது. பதில் வருவதில்லை. 2016இல் பியாங்யாங் தூதரகமே ட்விட்டரில் ஒரு படம் போட்டது: சோங்ஜின் நகரில் டாக்சியாக ஓடிக்கொண்டிருக்கும் 1974ஆம் வருட வால்வோ, ஓடியது கிட்டத்தட்ட ஐந்து லட்சம் கிலோமீட்டர், காசு இன்னும் வரவில்லை என்ற குறிப்போடு. கடன்காரனின் வாசலில் உட்கார்ந்துகொண்டே கிண்டல் செய்யும் துணிச்சல் எல்லாத் தூதரகத்துக்கும் வராது.

கடன் ஒரு பக்கம் இருக்க, 1976இல் இன்னொரு கூத்து நடந்தது. டென்மார்க், நார்வே, ஃபின்லாந்து, சுவீடன் நான்கிலும் வட கொரியத் தூதரக அதிகாரிகள் வரியில்லாத மதுவையும் சிகரெட்டையும் கடத்தி விற்று மாட்டினார்கள். டென்மார்க்கில் ஹஷீஷ் என்ற போதைப்பொருளும் பிடிபட்டது. வெளிநாட்டில் இருக்கும் தூதரகங்கள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நெருக்கடிதான் இதற்குக் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பலரை வெளியேற்றினார்கள். கடனும் வரவில்லை, வந்த தூதரும் கள்ளக்கடத்தல்காரர் என்றால் வேறு நாடாக இருந்தால் கடையைக் கட்டியிருக்கும். சுவீடன் கட்டவில்லை. இங்கே நல்லெண்ணத்துக்கு மட்டும் மதிப்பெண் போட எனக்கு மனமில்லை. கடன் கொடுத்தவன் ஊரை விட்டுப் போனால் கடன் அத்தோடு போச்சு என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும்.

தூதரகத்தின் இன்றைய முக்கியத்துவம் 1990களில் வந்தது. அணுசக்தித் திட்டத்தை நிறுத்திவைக்க 1994 அக்டோபரில் ஜெனீவாவில் அமெரிக்காவும் வட கொரியாவும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. இரண்டு தலைநகரங்களிலும் தொடர்பு அலுவலகம் திறப்பது அதில் ஓர் அம்சம். அது நடக்கவே இல்லை. அதற்கு மாற்றாக 1995 செப்டம்பரில் ஒரு தற்காலிக உடன்பாடு போட்டார்கள். அதன்படி வட கொரியாவில் இருக்கும் அமெரிக்கர்களின் நலனை சுவீடன் தூதரகம் கவனிக்கும். ஓர் அமெரிக்கரைக் கைது செய்தால் நான்கு நாளுக்குள் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டுமென்று கேட்டால் இரண்டு நாளுக்குள் அனுமதிக்க வேண்டும். 'தற்காலிகம்' முப்பது வருடத்தை எட்டிவிட்டது.

இதற்குச் சட்ட அடிப்படை 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 46ஆவது பிரிவு. ஒரு நாட்டில் தூதரகம் இல்லாத மூன்றாவது நாடு கேட்டுக்கொண்டால், அங்கே தூதரகம் உள்ள நாடு அதன் நலன்களைக் கவனிக்கலாம். இடம் கொடுக்கும் நாடு சம்மதிக்க வேண்டும். சம்மதம் என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. கைதானவரைத் தூதரக அதிகாரி சந்திக்கும் உரிமை 1963ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 36ஆவது பிரிவில் வருகிறது. பாகிஸ்தானில் சிறைப்பட்ட குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய் 2019இல் தீர்ப்பு வாங்கியது இதே பிரிவை வைத்துத்தான்.

இப்படி இன்னொருவர் வீட்டுப் பொறுப்பை ஏற்பது புதிதல்ல. கியூபாவில் 1961 முதல் 2015வரை அமெரிக்காவுக்காக சுவிட்சர்லாந்து இருந்தது. ஈரானில் 1980 முதல் அதே சுவிஸ்தான். ஆனால் ஹவானாவில் 1977க்குப் பிறகு அமெரிக்க அதிகாரிகளே சுவிஸ் கொடியின் கீழ் வந்து உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். பியாங்யாங்கில் அந்தப் பேச்சே கிடையாது. அங்கே எல்லாம் சுவீடன்காரர்கள் சிலரின் கையில். அமெரிக்காவுக்கு மட்டுமில்லை, ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் சேர்த்து. எதிர்த்திசையில் வட கொரியாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான அதன் குழு இருக்கிறது; அமெரிக்க அதிகாரிகளோடு பேச அந்த வழியே போதும்.

தூதரகம் இருப்பது நகரின் கிழக்குப் பகுதியில், முன்சுதோங் என்ற தூதரகக் குடியிருப்பில். ஒரு காலத்தில் கிழக்கு ஜெர்மனி கட்டிக்கொண்ட பெரிய வளாகம் அது. பிற்பாடு ஜெர்மனி, பிரிட்டன், சுவீடன் மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. உள்ளூர் ஊழியர்களை வட கொரிய அரசுதான் அனுப்பும். தலைநகரைவிட்டு வெளியே போக அனுமதி வாங்க வேண்டும். வட கொரிய வங்கிகள்மேல் தடை விழுந்த பிறகு பணம் அனுப்புவதே பெரும்பாடு. தூதரகங்கள் செலவுக்கான ரொக்கத்தைக் கையிலேயே கொண்டுவர வேண்டிய நிலை. 2013 ஏப்ரலில், 10ஆம் தேதிக்கு மேல் உங்கள் பாதுகாப்புக்கு எங்களால் உத்தரவாதம் தர முடியாது, கிளம்புவதாக இருந்தால் சொல்லுங்கள் என்று வட கொரியா எல்லாத் தூதரகங்களுக்கும் அறிவித்தது. மிரட்டல்தான் என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள், யாரும் அசையவில்லை.

சரி, இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி ஓடுகிறது? 2009 மார்ச்சில் சீன எல்லையில் இரண்டு அமெரிக்கப் பெண் செய்தியாளர்கள் பிடிபட்டார்கள். சுவீடன் தூதர் மாட்ஸ் ஃபோயர் அந்த மாத இறுதியிலேயே அவர்களைச் சந்தித்துவிட்டார். ஜூனில் இருவருக்கும் 12 ஆண்டுக் கடின உழைப்புத் தண்டனை. ஆகஸ்டில் பில் கிளிண்டன் பறந்து வந்து, அப்போதைய வட கொரியத் தலைவர் கிம் ஜோங் இல்லோடு உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டு, இருவரையும் கூட்டிப்போனார். நடுவில் இருந்த மாதங்களில் வீட்டிலிருந்து வந்த கடிதமோ மருந்தோ உள்ளே போக ஒரு வழி இருந்ததென்றால், அது சுவீடன் தூதரகம். விடுதலை வாங்கித் தந்தது சுவீடன் என்று சொல்ல முடியாது. விடுதலைக்கு பியாங்யாங் கேட்ட விலை ஒரு முன்னாள் ஜனாதிபதியின் வருகை. அதைச் சுவீடனால் கொடுக்க முடியாது.

அடுத்தது ஓட்டோ வார்ம்பியர். இந்த ஏற்பாட்டின் பலவீனம் முழுவதும் தெரிவது இவர் விஷயத்தில். விடுதியில் இருந்த ஒரு பிரச்சாரப் பலகையைத் திருடப் பார்த்ததாக 2016 ஜனவரி 2ஆம் தேதி கைதான அமெரிக்க மாணவர். ஒப்பந்தப்படி நான்கு நாள், இரண்டு நாள். சுவீடன் அதிகாரிகள் அவரைப் பார்த்தது மார்ச் 2ஆம் தேதி. அதே மாதம் 15 ஆண்டுத் தண்டனை. அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கும் மேலாகச் சுவீடன் கேட்டுக்கொண்டே இருந்தது, கதவு திறக்கவில்லை. 2017 மே மாதம் ஆஸ்லோவில் அமெரிக்கத் தூதுவர் ஜோசப் யுன் வட கொரிய அதிகாரிகளைச் சந்தித்தபோது, காவலில் இருக்கும் நான்கு அமெரிக்கர்களையும் சுவீடன் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் ஒருவரை மட்டும் பார்க்க விட்டார்கள். அதன் பிறகு வட கொரியத் தரப்பே யுன்னை அவசரமாக நியூயார்க்குக்குக் கூப்பிட்டு, வார்ம்பியர் நினைவிழந்து கிடக்கிறார் என்று சொன்னது. ஜூன் 13 அன்று நாடு திரும்பினார், 19 அன்று இறந்தார்.

சுவீடன் இன்னும் அழுத்தியிருக்கலாமே என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. எதை வைத்து அழுத்துவது? தடை விதிக்கும் பலம் கிடையாது, கொடுக்க உதவி பெரிதாகக் கிடையாது. கையில் இருப்பது கேட்கும் உரிமை மட்டும். ஆனால் நான்கு பேரையும் சுவீடன் பார்க்கட்டும் என்ற வாக்குறுதி கழுத்தை நெருக்கியதால்தான் உண்மை வெளியே வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. காட்ட முடியாத நிலையில் ஒருவரை வைத்திருக்கும்போது, 'பார்க்க வருகிறோம்' என்று சொல்லும் ஆள் ஊருக்குள்ளேயே இருப்பது சங்கடம்தான்.

நேர்மாறாக, பியாங்யாங்குக்கே விஷயத்தை முடிக்க வேண்டுமென்று தோன்றினால் எல்லாம் சடசடவென்று நடக்கும். 2019 ஜூன் கடைசியில் கிம் இல் சுங் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் காணாமல்போனார். அந்தச் சமயம் சுவீடனின் சிறப்புத் தூதர் கென்ட் ஹேர்ஸ்டெட் பியாங்யாங்கில் இருந்தார். ஜூலை 4 அன்று மாணவர் விமானம் ஏறிவிட்டார். ஆஸ்திரேலியப் பிரதமர் நாடாளுமன்றத்திலேயே சுவீடனுக்கு நன்றி சொன்னார். கோட்டைத் தாண்டி ஓடிய அமெரிக்கச் சிப்பாயின் கதையும் அப்படித்தான் முடிந்தது. 2023 செப்டம்பரில், 'வெளியேற்றுகிறோம்' என்று வட கொரியா அறிவித்தது. சுவீடன் அதிகாரிகள் அவரைச் சீன எல்லைக்குக் கொண்டுவந்தார்கள். சீனாவின் தந்துங் நகரில் சீனாவுக்கான அமெரிக்கத் தூதர் வாங்கிக்கொண்டார். எதிரியின் கையில் நேராகக் கொடுப்பதைவிட மூன்றாவது ஆள் வழியாகக் கொடுப்பது வட கொரியாவுக்கும் மரியாதைக் குறைவில்லாத ஏற்பாடு. பிடித்துவைப்பவனுக்கும் இந்தத் தூதரகம் தேவைப்படுகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

தூதரகம் இருந்ததால் சுவீடனுக்கு வேறு கதவுகளும் திறந்தன. 2001 மே மாதம், ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமை சுவீடன் முறை வந்தபோது, பிரதமர் யோரான் பெர்சோன் பியாங்யாங் போய் கிம் ஜோங் இல்லைச் சந்தித்தார். 2003வரை ஏவுகணைச் சோதனை இல்லை என்ற வாக்கோடு திரும்பினார். டிரம்பும் கிம் ஜோங் உன்னும் சந்திக்கப்போகிறார்கள் என்று உலகமே பேசிக்கொண்டிருந்த 2018 மார்ச்சில், வட கொரிய வெளியுறவு அமைச்சர் ரி யோங் ஹோ வந்து இறங்கியது ஸ்டாக்ஹோமில். 2019 அக்டோபரில் இரு தரப்பு அதிகாரிகளும் ஸ்டாக்ஹோமை ஒட்டிய லிடிங்கோ தீவில் பேசினார்கள். ஒரே நாளில், முறிந்துவிட்டது என்று வட கொரியத் தரப்பு எழுந்துபோனது. நல்ல இடமும் சாப்பாடும் கொடுக்கலாம்; பேச வேண்டியவர்களுக்கு மனமில்லாவிட்டால் வீட்டுக்காரர் என்ன செய்ய முடியும்.

பிறகு கொரோனா வந்தது. 2020 ஜனவரி கடைசியில் வட கொரியா எல்லையை மூடியது. வெளிநாட்டுத் தூதர்கள் எல்லாரும் ஒரு மாதம் வளாகத்துக்குள்ளேயே அடைபட்டார்கள். அடைப்பு தளர்ந்ததும் சுவீடன் தூதர் யோவாகிம் பெர்க்ஸ்ட்ரோம் கிம் இல் சுங் சதுக்கத்தில் நின்று படமெடுத்து, இங்கே நிற்பதில் இவ்வளவு சந்தோஷம் என்றைக்கும் இருந்ததில்லை என்று பதிவிட்டார். ஆனால் புதிய ஆளை உள்ளே விடவில்லை, பொருள் வரவில்லை. மார்ச்சில் ஜெர்மானியர்கள், மே மாதம் பிரிட்டிஷார், 2020 முடிவதற்குள் சுவீடன்காரர்களும் கிளம்பினார்கள். நட்பு நாட்டுக்காரர்களுக்கே சுலபமில்லை. 2021 பிப்ரவரியில் ரஷ்யத் தூதரகக் குடும்பங்கள் எட்டுப் பேர், 30 மணி நேரத்துக்கு மேல் ரயிலிலும் இரண்டு மணி நேரம் பஸ்ஸிலும் போய், கடைசி ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்தில் தள்ளுவண்டியில் பெட்டிகளையும் மூன்று வயதுக் குழந்தையையும் ஏற்றித் தாங்களே தள்ளிக்கொண்டு எல்லை கடந்தார்கள். இந்தியத் தூதரக அதிகாரிகளும் அதே ஆண்டு ஜூலையில் வெளியேறினார்கள்.

நான்கு ஆண்டு கழித்து 2024 செப்டம்பரில் மேற்கு நாடுகளில் முதலாவதாகத் திரும்ப உள்ளே போனது சுவீடன். அதே ஆண்டு மார்ச்சில்தான் அது நேட்டோவில் சேர்ந்திருந்தது. நடுநிலை நாடு என்பதால்தான் வட கொரியா அதை நம்புகிறது என்று பல காலமாகச் சொல்லிவந்த விளக்கம் இதோடு ஆட்டம் கண்டுவிட்டது. நடுநிலை போன பிறகும் முதல் விசா சுவீடனுக்குத்தான் என்றால், பியாங்யாங் வேறு எதையோ மதிக்கிறது. ஐம்பது ஆண்டு பழகிய முகம், வாஷிங்டனுக்குச் சேதி கொண்டுபோகும் வழி, வேண்டும்போது திறக்கவும் வேண்டாதபோது மூடவும் தோதான கதவு. போலந்து நவம்பரில் திரும்பியது, இந்தியத் தூதரகம் டிசம்பரில் மறுபடி இயங்கத் தொடங்கியது. அந்த ஆண்டு முடியும்வரை பிரிட்டனும் ஜெர்மனியும் பழையபடி குடியேறவில்லை.

இனி அங்கே வேலை எவ்வளவு இருக்கும் என்பது வேறு கேள்வி. வார்ம்பியர் இறந்த பிறகு, 2017 செப்டம்பர் முதல் அமெரிக்கக் கடவுச்சீட்டில் வட கொரியா போகச் சிறப்பு அனுமதி தேவை. அந்தத் தடை ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டுவருகிறது. வட கொரியாவும் இப்போது ரஷ்யாவின் பக்கம் சாய்ந்திருப்பதால் மேற்கு நாடுகளோடு பேச அவசரம் காட்டவில்லை. ஆனால் 2025 பிப்ரவரியில் ராசோன் பகுதியில் மேற்கத்தியப் பயணிகளைச் சில வாரம் உள்ளே விட்டுப் பார்த்தார்கள், பிறகு காரணம் சொல்லாமல் நிறுத்தினார்கள். ஏப்ரலில் பியாங்யாங் மாரத்தானில் ஓட வெளிநாட்டவர்கள் வந்தார்கள். இப்படி வரும் கூட்டத்தில் ஓர் ஆஸ்திரேலியரோ கனடாக்காரரோ எதிலாவது மாட்டிக்கொண்டால், அவர் சார்பில் போய்க் கேட்க முன்சுதோங்கில் இருக்கும் அந்தச் சிலரைத் தவிர இன்றைக்கும் வேறு ஆள் கிடையாது.